மாதிரிச் சட்டம் வந்தால் சட்டம் வந்துவிட்டதா?

சென்ற மாதம் வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதியதற்குச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான். 'மாதிரிச் சட்டம்' என்பது சட்டமன்றங்கள் பார்த்து எழுதிக்கொள்வதற்கான முன்வரைவுதான். ஆனால் அதைச் செய்தியில் பார்த்ததுமே அமலுக்கு வந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: சென்னை வேளச்சேரியில் எங்களுக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. புதிதாகக் குடிவர இருப்பவர், "மத்திய அரசு மாதிரி வாடகைச் சட்டம் போட்டுவிட்டது, இரண்டு மாத அட்வான்ஸுக்கு மேல் கேட்கக் கூடாது" என்கிறார். நாங்கள் பத்து மாதம் கேட்டிருந்தோம். யார் சொல்வது சரி? (ஈசூன்)

பதில்: இரண்டு பேருமே இல்லை. அவர் சொல்லும் இரண்டு மாதக் கணக்கு உண்மையில் இருக்கிறது. 2021 ஜூன் 2ஆம் தேதி இந்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரியில் குடியிருப்புக்கு இரண்டு மாதம், மற்றவற்றுக்கு ஆறு மாதம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்காரர், வாடகைதாரர் விவகாரம் இந்திய அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் வருகிறது. டில்லி எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். அதை எடுப்பதும் விடுவதும் திருத்தி எடுப்பதும் அந்தந்தச் சட்டமன்றத்தின் விருப்பம்.

தமிழ்நாடு அதற்கு முன்பே, 2017இல், தன் சட்டத்தை இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போயிற்று. உங்கள் வேளச்சேரி வீட்டுக்கு இந்த 2017 சட்டம்தான் பொருந்தும். அதில் முன்பணத்துக்கு வரம்பு மூன்று மாத வாடகை. ஆனால் அந்தப் பிரிவு "வேறுவிதமாக உடன்பாடு இருந்தாலன்றி" என்ற பொருளில்தான் தொடங்குகிறது. மூன்றே சொல், வரம்பில் பாதியைத் தின்றுவிடுகின்றன. அவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் அதிகம் வாங்க வழி இருக்கிறது என்று வாதாடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய சென்னைப் பழக்கம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அங்கே வழக்கு நடத்துகிற செலவை நினைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்ததுதான் நம்மவர்களின் "பதினோரு மாத அக்ரிமென்ட்" வித்தை. புதிய சட்டத்தின் முன் அந்த வித்தை உதவாது.

கேள்வி: நான் தொடக்கக் கல்லூரி மாணவி. சிங்கப்பூருக்கு மாநிலங்களே இல்லை. அப்படியிருக்க மாதிரிச் சட்டங்களால் நமக்கு என்ன பயன்? (தெம்பனிஸ்)

பதில்: நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்ற ஒரே சொல் நாட்டையும் மாநிலத்தையும் குறித்துக் குழப்பும். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே நாட்டுக்குள் மாநிலங்களை ஒத்துப்போகச் செய்யும் மாதிரிகள் ஒரு வகை. நாடுகளுக்கு இடையே ஒத்துப்போகச் செய்பவை இன்னொரு வகை. நமக்கு இரண்டாவதுதான்.

1966இல் ஐநா பொதுச்சபை ஏற்படுத்திய அனைத்துலக வணிகச் சட்ட ஆணையம் வியன்னாவிலிருந்து இயங்குகிறது. அது எழுதிய மாதிரிகளைச் சிங்கப்பூர் அதிகமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. நடுவர் தீர்ப்புக்கு (நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர் முன் சச்சரவைத் தீர்த்துக்கொள்வது) 1994இல், மின்னணுப் பரிவர்த்தனைக்கு 1998இல், பல நாட்டில் கடன் வைத்து நொடித்துப்போகும் நிறுவனங்களின் விவகாரத்துக்கு 2017இல் என்று வரிசையாக. வெளிநாட்டு வணிகத்தால் வாழும் ஊர் இது. சூரத்திலோ ஹாம்பர்க்கிலோ இருக்கும் வியாபாரி நம் சட்டத்தைத் திறந்தால், ஏற்கெனவே தெரிந்த முகமாக இருக்க வேண்டும்.

தேக்கா சந்தை மாடியில் தையல்காரரிடம் அளவு ரவிக்கை கொடுக்கிறோம் அல்லவா, மாதிரிச் சட்டம் அந்த மாதிரி. அதைப் பார்த்து வெட்டுவார். ஆனால் கை கொஞ்சம் நீளம், கழுத்து கொஞ்சம் இறக்கம் என்று ஆளுக்கு ஆள் மாறும். உடன்படிக்கை வேறு. அதில் ஒரு நாடு சேர்ந்தால், அனுமதிக்கப்பட்ட விலக்குகள் தவிர, அப்படியே ஏற்க வேண்டும்.

எழுத்து ஒன்றாக இருந்தாலும் நீதிபதிகள் வெவ்வேறாகப் படித்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் உண்மையான சிக்கல். நடுவர் தீர்ப்பு மாதிரியில் 2006இல் சேர்த்த ஒரு விதி, இது பல நாட்டுக்குப் பொதுவாகப் பிறந்தது என்பதை மனத்தில் வைத்துப் பொருள் கொள்ளுங்கள் என்கிறது. வியன்னா ஆணையம் பல நாட்டுத் தீர்ப்புகளைத் திரட்டிச் சுருக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. இது பற்றிக் கட்டுரை எழுதுவதானால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பாடநூலைவிடச் சுவையாக இருக்கும்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து மஞ்சளும் கோலாலம்பூரிலிருந்து பேக்கிங் பொருளும் வாங்குகிறேன். இரண்டு ஒப்பந்தத்திலும் "சச்சரவு வந்தால் நடுவர் மூலம் தீர்த்துக்கொள்வோம்" என்று ஒரு வரி மட்டும். மூன்று நாடும் ஒரே மாதிரியைப் பின்பற்றுவதால் எங்கே நடந்தாலும் ஒன்றுதான் என்கிறார் என் நண்பர். (சிராங்கூன் சாலை)

பதில்: உங்கள் நண்பர் பாதி தெரிந்தவர். அது ஆபத்து. ஐநா ஆணையத்தின் 1985ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மாதிரியைத்தான் இந்தியா 1996இலும் மலேசியா 2005இலும் எடுத்தன, சரி. ஆனால் எடுத்த விதம் வேறு. சிங்கப்பூர் மாதிரியை அப்படியே அட்டவணையாக ஒட்டி, எட்டாம் அத்தியாயம் (தீர்ப்பை ஏற்று நிறைவேற்றுவது பற்றியது) நீங்கலாக இதற்குச் சட்ட வலு உண்டு என்று சொல்லிவிட்டது. இந்தியா தன் சொந்தச் சட்டமாக மாற்றி எழுதிக்கொண்டது.

பணத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும். நடுவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பந்தத்தில் சொல்லவில்லை என்றால், மாதிரி மூன்று பேர் என்கிறது. சிங்கப்பூர் அதை மாற்றி ஒருவர் என்று வைத்தது. இந்தியாவிலும் ஒருவர்தான். மலேசியாவோ அனைத்துலகச் சச்சரவு என்றால் மூன்று என்று மாதிரியோடு நின்றுவிட்டது. உங்கள் பேக்கிங் சச்சரவு கோலாலம்பூரில் நடந்தால் மூன்று நடுவர்களுக்குக் கட்டணம்; இங்கே நடந்தால் ஒருவருக்கு. சரக்கின் மதிப்பே முப்பதாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மூன்று நடுவர் எதற்கு?

அந்த ஒற்றை வரியை இன்றே மாற்றுங்கள். நடுவர் மன்ற இருக்கை (எந்த ஊர்ச் சட்டப்படி நடக்கும் என்பது) எந்த ஊர், நடுவர் எத்தனை பேர், எந்த அமைப்பின் விதிகள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் என்று யாரும் படிக்காமல் விடுவது இந்த வரியைத்தான். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு நண்பருக்கு அவசரத்தில் எழுதிக் கொடுத்தபோது ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். நல்லவேளை, சச்சரவு வரவில்லை.

கேள்வி: மலேசியாவில் தேசிய நிலச் சட்டம் ஒன்றுதானே? பிறகு வெளிநாட்டவர் வீடு வாங்கும் விதி ஜோகூரில் ஒன்றும் பினாங்கில் ஒன்றுமாக ஏன் இருக்கிறது? (உட்லண்ட்ஸ்)

பதில்: மலேசியாவில் நிலம் மாநிலத்துக்கு உரியது. ஆனாலும் நில உரிமைச் சட்டம் சீராக இருக்க வேண்டும் என்பதற்காக, அரசமைப்பின் 76ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது. அப்படி வந்ததுதான் 1966 ஜனவரி 1 முதல் நடக்கும் தேசிய நிலச் சட்டம். சபா, சரவாக்கில் அது இல்லை. சட்டம் ஒன்றானாலும், வெளிநாட்டவர் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்று அதுவே சொல்கிறது. எந்த விலைக்கு மேல், எந்த நிபந்தனையில் ஒப்புதல் என்பது மாநிலத்தின் கையில். சிங்கப்பூரிலிருந்து ஜோகூருக்குப் போகும் கடற்பாலம் தாண்டி வாங்குவதற்கு முன் ஜோகூர் விதியைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு வேடிக்கை. நிலமும் உள்ளாட்சியும் அல்லாத மாநில விஷயங்களில் அதே 76ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் ஒருமைப்பாட்டுக்காகச் சட்டம் போட்டால், மாநிலம் ஏற்ற பிறகுதான் அங்கே செல்லும். ஏற்றபின் அது மாநிலச் சட்டமாகிவிடுவதால் மாநிலமே திருத்தலாம். இந்தியாவின் 252ஆவது பிரிவில் இதற்கு நேர்மாறு. மாநிலம் ஒருமுறை ஏற்றுவிட்டால் தானாகத் திருத்த முடியாது, நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். இந்தியாவின் 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அப்படி வந்தது. ஒரே நோக்கம், இரண்டு அண்டை வீட்டார், எதிரெதிர்க் கதவுகள்.

கேள்வி: மகள் அமெரிக்காவில் கடை வைக்கிறாள். அங்கே எல்லா மாநிலத்திலும் வணிகச் சட்டம் ஒன்றா? (பொங்கோல்)

பதில்: ஏறத்தாழ. 1892 முதல் இதற்கென்றே ஓர் ஆணையம் இயங்குகிறது. அதன் பெரிய சாதனை, 'சீரான வணிகச் சட்டத் தொகுப்பு'. ஆனால் பிரெஞ்சு மரபில் வந்த லூசியானா, சரக்கு விற்பனை பற்றிய பகுதியை ஏற்கவே இல்லை. கடை அங்கே என்றால் உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: கப்பல் சரக்குக்கு மின்னணு பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்கும் அதன் உரிமைக்கும் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) சிங்கப்பூரில் செல்லுமா? (ஜூரோங்)

பதில்: செல்லும். இத்தகைய மின்னணு ஆவணங்களுக்கான 2017ஆம் ஆண்டு ஐநா மாதிரியை 2021 மார்ச்சில் சிங்கப்பூர் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதலில் எடுத்த நாடு பஹ்ரைன், 2018இல். உங்களிடம் சரக்கு வாங்குபவரின் நாட்டுச் சட்டமும் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கைவிடுங்கள்.