ஞாயிற்றுக்கிழமை வரும் மாமா

வாசகி கேள்வி:

என் அப்பா கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராக, அதாவது எழுத்துக் கோக்கிறவராக, இருந்தார். அதே அச்சகத்தில் ட்ரெடில் என்கிற, காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷினை ஓட்டியவர் ஒரு மாமா. சொந்தம் இல்லை, எங்கள் சாதியும் இல்லை. சின்ன வயதிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். 1974ல் தொடங்கிய சிநேகிதம். கம்ப்யூட்டர் வந்து அச்சகத்தை மூடிய பிறகு அப்பா ஜவுளிக்கடைக்குப் பில் போடப் போனார், மாமா பைண்டிங் வேலைக்குப் போனார். ஆனாலும் சாயங்காலம் டீக்கடையில் ஒன்றாகத்தான் இருப்பார்கள்.

கடைசி 7 மாதம் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சு வராது. மாமா தினமும் காலையில் சைக்கிளில் வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டு, பேப்பர் வாசித்துக் காட்டுவார். அச்சுப்பிழை இருந்தால் திருத்தாமல் பிழையோடு வாசிப்பார். அப்பா உடனே இடது கை விரலைத் தூக்குவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

கருமாதியன்று மாமா வாசலிலேயே நின்றுவிட்டுக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போனார். நான் வேட்டி துண்டோடு 5,000 ரூபாய் கவரில் வைத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு பார்த்தால் கவர் சாமி மாடத்தில் இருந்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அம்மா அழுகிறாள் என்று நான் பேச்சை மாற்றிவிடுவேன். அடுத்த மாதம் தலைத் திவசம். பங்காளிகள் மட்டும் போதும் என்கிறார் அண்ணன். மாமாவைக் கூப்பிடலாமா? அவருக்கு நான் எப்படித்தான் நன்றி சொல்வது? அப்பாவின் தகரப் பெட்டியில் எழுத்துக் கோக்கும் ஒரு ஸ்டிக்கும் இடுக்கியும் கொஞ்சம் ஈய எழுத்துகளும் இருக்கின்றன. அதை அவருக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கூப்பிடுங்கள். போனில் அல்ல, நேரில் போய். முடிந்தால் உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பேசலாம், இதில் மட்டும் யோசிக்க ஒன்றுமே இல்லை.

உங்கள் கடிதத்தில் அப்பா விரலைத் தூக்கும் இடத்தை நான் பலமுறை படித்தேன். பேச்சு போய், ஒரு பக்கம் உடம்பு போய்ப் படுத்திருக்கும் மனிதரிடம் மிச்சமிருந்தது அவருடைய தொழில்தான் என்று அந்த மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம். ‘உன் வேலை உனக்கு இன்னும் மறக்கவில்லை’ என்பதைத் தினமும் காலையில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

நம் ஊர்ச் சாவு வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உறவுக்கெல்லாம் அங்கே ஓர் இடம் குறித்து வைத்திருக்கிறோம். கொள்ளி வைக்க மகன், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், கோடி போடப் பிறந்த வீட்டார், உருமா கட்ட மாமன் மச்சான், தீட்டுக் காக்கப் பங்காளிகள். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் அங்கே வேலை உண்டு. 50 வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவருக்கு ஒரு வேலையும் கிடையாது. தோள் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். உங்கள் மாமா கருமாதியன்று வாசலில் நின்றது கூச்சத்தால் மட்டும் இல்லை. உள்ளே வந்தால் எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட முடிவு செய்தபோது, அதுவரை நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் கட்டாயம் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்றான். அவரும் வந்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அவனோடு கூடவே இருந்த இன்னொரு நண்பர் பொத்தியார். மனைவி பிள்ளை பெறும் நிலையில் இருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா என்று அவரைச் சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் திரும்பி வந்தபோது சோழன் இல்லை, நடுகல்தான் இருந்தது. அந்தக் கல்லைப் பார்த்து, “என் இடம் யாது?” என்று கேட்கிறார். புறநானூற்றில் 222ஆம் பாட்டு. இத்தனை நூற்றாண்டு கழித்து அதே கேள்வியோடு ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் திண்ணையில் வந்து உட்காருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் தலைத் திவசத்துக்கு வருகிறவர்களில் ஒருவராக மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள். ஒரு வேலை கொடுங்கள். படையலில் இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது நம் வழக்கம். வீட்டில் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்பது உங்களுக்கும் அம்மாவுக்கும் தெரியும். வெளியே அவர் என்ன சாப்பிட்டார்? சம்பள நாளில் எந்தக் கடைக்குப் போனார்கள், ராத்திரி வேலைக்கு நடுவே எதை வாங்கி இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்? இதை மாமாவைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். அவர் வாங்கி வந்த பொட்டலம் அந்த இலையில் இருக்கட்டும். சாப்பாட்டில் முதல் பந்தி, உங்கள் அண்ணன் பக்கத்து இலை.

அண்ணனோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வழக்கம் என்று தெரிந்ததைச் சொல்கிறார். மகாளய அமாவாசை சமயத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது சொந்தங்களோடு குருவையும் நண்பரையும் சேர்த்து நினைக்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால், அப்பாவுக்குக் கடைசியாக முகச்சவரம் செய்துவிட்டது யார் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, அந்தக் கவர். மறுபடி கொடுக்காதீர்கள், வேறு வடிவத்திலும் கொடுக்காதீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. கையில் எதையாவது வைத்துக் கொடுக்காவிட்டால் நன்றி சொன்ன மாதிரியே நமக்கு இருப்பதில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் அந்த 7 மாதமும் கூலியாகிவிடும். வேட்டி துண்டை அவர் எடுத்துக்கொண்டார், பார்த்தீர்களா? அது மரியாதை. பணத்தை உங்கள் மனம் வருத்தப்படாமல் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைவிடப் பக்குவமாக ஒருவர் மறுக்க முடியாது.

பேச்சை மாற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடுங்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா இறந்தபோது எனக்கு 31 வயது. அவருடைய சிநேகிதர் ஒருவர் காரியம் முடியும்வரை தினமும் வந்தார். அவர் வாயைத் திறந்தாலே வீட்டில் அழுகை கிளம்பும் என்று நாங்கள் காபியைக் கொடுத்து வேறு பேச்சுப் பேசுவோம். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். நாங்களும் போய்ப் பார்க்கவில்லை. ஆறு வருடம் கழித்து மாயவரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஒங்க அப்பா எனக்கு எழுதுன லெட்டர் ஒரு கட்டு இருந்துச்சு. கொண்டாந்து குடுக்கலாம்னு நெனச்சேன். நீங்கள்லாம் என்ன நெனப்பீங்களோன்னு இருந்துட்டேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்கையில எங்கயோ போயிடுச்சு.” ‘அப்பாவைப் பத்திச் சொல்லுங்க மாமா’ என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அந்தக் கட்டு இன்று என்னிடம் இருக்கும். இப்போதுகூட வீட்டில் பழைய காகிதம் எதையாவது பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

அம்மா அழட்டுமே. கணவரை இழந்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை, அந்தப் பேச்சில் அழாமல் வேறு எதில் அழுவார்? ஆனால் என் வார்த்தையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவரிடமே தனியாகக் கேளுங்கள். மாமா அப்பாவைப் பற்றிப் பேசுவது உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா, இல்லை நான் பேச்சை மாற்றுவதுதான் கஷ்டமாக இருக்கிறதா? வேண்டாம் என்று அவர் சொன்னால், மாமாவைத் திண்ணையிலிருந்து கூட்டிக்கொண்டு பழைய டீக்கடைக்கு நீங்கள் போங்கள். மகளும் அங்கே உட்காரலாம்.

அப்பாவைப் பற்றி எப்படிக் கேட்பது? ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால், ‘தங்கமான மனுஷன்மா’ என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். தொழிலைக் கேளுங்கள். ஈய எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி இருக்கும். அதைக் கேஸ் என்கிற, அறை அறையாகப் பிரித்த தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் கோத்து, அந்த நிலையிலேயே படித்துப் பிழை பார்க்க வேண்டும். அச்சானதும் அத்தனையையும் திரும்பப் பிரித்து, அந்தந்த அறையில் போட வேண்டும். மறுநாள் வேறொரு கல்யாணப் பத்திரிகைக்கு அதே எழுத்துகள்தான். இந்த வேலையில் உங்கள் அப்பாவின் கை எவ்வளவு வேகம்? எந்த எழுத்து எப்போதும் பற்றாமல் போகும்? 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பழைய லை, ளை, னை உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அப்பா அந்தக் கேஸுக்கு முன்னால் நின்றவர். கை பழைய அறைக்கே போயிருக்குமே, எத்தனை நாள் ஆயிற்று பழக? அந்த அச்சகத்தில் பழைய எழுத்துகளை என்ன செய்தார்கள்?

மாமாவின் வேலையையும் கேளுங்கள். ட்ரெடிலில் காலால் மிதித்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகக் கையால் வைத்து எடுக்க வேண்டும். மிஷினின் வாய் மூடுவதற்குள் கை வெளியே வந்துவிட வேண்டும். கவனம் ஒரு நொடி பிசகினால் விரல். அப்படி ஓட்டுகிறவருக்கும் எழுத்துக் கோக்கிறவருக்கும் இடையில் எத்தனையோ ராத்திரி ஓடியிருக்கும். தை மாத முகூர்த்தங்களுக்கு முன்னால் விடிய விடிய வேலை இருந்திருக்கும். உங்களைத் தொட்டிலில் போட்டிருந்த நாட்களில் உங்கள் அப்பா என்ன பேசினார், எதற்குப் பயந்தார், யாரிடம் கடன் வாங்கினார், பொண்ணு பிறந்திருக்கிறாள் என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது? நீங்கள் பார்க்காத ஓர் அப்பா, வீட்டுக்கு வெளியே, 50 வருடம் இருந்திருக்கிறார். அவரைப் பார்த்த சாட்சி இந்த மாமாதான். அவர் சம்மதித்தால் போனில் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள். பிறகு அம்மாவுக்கும், அண்ணனுக்குமே, கேட்கத் தோன்றும் ஒரு நாள்.

நன்றி என்று வாயால் சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள், ஒரு தடவை, நேராக. ‘நீங்க இல்லேன்னா அப்பாவோட அந்த 7 மாசம் எங்களால தாங்கியிருக்க முடியாது மாமா.’ இவ்வளவு போதும். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இதுவரை அவர்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். 1974லேயே வேலையில் இருந்தவர் என்றால் இன்று 70ஐத் தாண்டியிருப்பார், இன்னும் சைக்கிளில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் மனைவியின் போன் நம்பரும் பிள்ளைகளின் நம்பரும் உங்களிடம் இருக்கட்டும், உங்கள் நம்பர் அவர்களிடம் இருக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பாங்கில் ஏதோ கையெழுத்து, கண் பரிசோதனை என்று வந்தால் கூடப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வராவிட்டால் அன்று சாயங்காலமே விசாரியுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கடைசியாக, பெட்டி. அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வார், வீட்டில் ஒரு மூலையில் வைப்பார், உங்களிடமும் இருக்காது. (ஈயம் என்பதால் குழந்தைகள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.) வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் பெட்டியைத் திண்ணையில் கொண்டுவந்து வையுங்கள். எழுத்தெல்லாம் திரும்பி இருக்கிறது மாமா, எனக்குப் படிக்கத் தெரியவில்லை, என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அப்பா கை கடைசியாகத் தொட்ட எழுத்துகள் அவை. எத்தனை பாயிண்ட் அளவு எழுத்து, எந்த வேலையிலிருந்து எடுத்து வைத்தார், ஏன் இதை மட்டும் வைத்துக்கொண்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் ஸ்டிக்கைக் கையில் எடுத்தால், அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.