உச்சி வரை போயே ஆக வேண்டுமா?

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் ஈஃபில் டவர்

கேள்வி: மே மாதக் கடைசியில் பாரீஸ் போகிறோம். ஒன்பது வயது மகன், மூன்று வயது மகள், முழங்கால் வலியோடு மாமியார். ஈஃபில் டவரில் உச்சி வரை டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும் என்று கணவரும் மகனும் பிடிவாதம். எனக்கு இரண்டாவது தளமே போதும் என்று தோன்றுகிறது. யார் சொல்வது சரி?
– வாசகி, கோவை

பதில்: நீங்கள் சொல்வதுதான். பாரீஸ் புறநகரில் நாங்கள் குடியிருந்த காலத்தில், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் டவருக்குக் கூட்டிப் போகிற வேலை என் தலையில்தான் விழும். உச்சிக்குப் போய் இறங்குகிற குடும்பங்களில் பெரியவர்கள் போட்டோவோடும் சின்னதுகள் அழுகையோடும் வருவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உயரம் அல்ல பிரச்சினை, வரிசை. தரையிலிருந்து ஒரே லிஃப்டில் உச்சிக்குப் போக முடியாது. 116 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டாவது தளத்தில் இறங்கி, மறுபடி வரிசையில் நின்று வேறு லிஃப்டில் ஏறவேண்டும். மேலே, 276 மீட்டரில், இடம் குறுகல். காற்று முகத்தில் அடிக்கும். இறங்கவும் வரிசை. இதற்கெல்லாம் முன்னால் கீழே பாதுகாப்புச் சோதனை வேறு இரண்டு தடவை. மூன்று வயதுக் குழந்தைக்கு இதில் எந்த இடத்தில் ஒண்ணுக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை பார்க்கவும் இரண்டாவது தளம்தான் வாகானது. சேன் நதியில் போகும் படகு அங்கிருந்து படகாகவே தெரியும். இன்வாலித் மாளிகையின் தங்கக் குவிமாடம் எங்கே, மோன்மார்த்ர் குன்றின் மேல் வெள்ளைத் தேவாலயம் எங்கே என்று பையன் தேடிக் கண்டுபிடிக்கலாம். உச்சியில் எல்லாம் தட்டையாகி வரைபடம் ஆகிவிடுகிறது. அங்கே எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: டவரைக் கட்டிய பொறியாளர் ஈஃபில் தனக்காக வைத்துக்கொண்ட சின்ன அறை. 1889-ல் எடிசன் வந்து அவரைச் சந்தித்ததை மெழுகு பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

அதைப் பார்த்தே தீருவேன் என்று வீட்டுக்காரர் நின்றால், அவரும் மகனும் மட்டும் உச்சி டிக்கெட் எடுக்கட்டும். நீங்கள் மூவரும் இரண்டாவது தளத்தோடு நிறுத்திக்கொண்டு, பார்த்து முடித்ததும் முதல் தளத்துக்கு இறங்கிவிடுங்கள். அங்கே கூட்டம் குறைவு, உட்கார இடம் உண்டு, மாமியாரின் முழங்காலுக்கும் நல்லது. காற்று பலமாக அடித்தால் உச்சியை மூடிவிடுவார்கள் என்பதையும் பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டிக்கெட்டை டவரின் சொந்த இணையதளத்தில், தேதியும் நேரமும் குறித்து, முடிந்தவரை சீக்கிரமே எடுத்துவிடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே இலவசம்தான். ஆனாலும் சின்னவள் பெயருக்கு ஒரு டிக்கெட் வேண்டும், மறந்துவிடாதீர்கள். தள்ளுவண்டி மடக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கீழே வரிசையில் நிற்கும் நேரத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். முதல் தளத்தின் வெளிப்பக்கத்தைச் சுற்றிலும் தங்க எழுத்தில் 72 பெயர்கள் இருக்கும். எல்லாரும் பிரெஞ்சு விஞ்ஞானிகள், பொறியாளர்கள். எழுத்து ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம், தரையிலிருந்தே படிக்கலாம். ஆம்பியர், கூலும் இருவரையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறிவியல் புத்தகத்தில் இவர்களை அவன் இன்னும் சந்திக்காவிட்டாலும் பின்னால் சந்திப்பான். 1889-ல் எழுதிய அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பிரெஞ்சுக் கணிதமேதை சோஃபி ஜெர்மேன் இல்லாத பட்டியல் என்ன பட்டியல் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும். அது கிடக்கட்டும்.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு உயரம் என்றாலே பயம். முதல் தளத்தில் கண்ணாடித் தரை இருக்கிறதாமே! அதில் நிற்க வைத்துப் பயத்தைப் போக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார். 57 மீட்டருக்குக் கீழே ஆட்கள் நடப்பதைக் காலடியில் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். கண்ணாடி தளத்தின் ஒரு பகுதியில்தான். ஒதுங்கி நடக்க இடம் இருக்கிறது. அவளே கால் வைத்தால் வைக்கட்டும்.

படி ஏறலாமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது தளம் வரை 674 படிகள், இரண்டு பக்கமும் கம்பி அடைப்பு. பயப்படுகிற சில பிள்ளைகளுக்கு லிஃப்டைவிட இது தேவலை. தன் காலால் ஏறுகிறோம், வேண்டாம் என்றால் நின்றுவிடலாம் என்ற தெம்பு. படி டிக்கெட் விலையும் குறைவு.

கேள்வி: ஜூலையில் போகிறோம். ஐந்து வயது இரட்டையர்களுக்கு டவர் மினுமினுப்பதைக் காட்ட வேண்டும். மேலே இருக்கும்போதே பார்த்துவிடலாமா?
– வாசகி, சென்னை

பதில்: மேலே போய்விட்டால் டவர் எப்படித் தெரியும்? நதிக்கு அக்கரையில் த்ரோக்காதேரோ திடலுக்குப் போங்கள், முழு டவரும் எதிரே நிற்கும். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் 20,000 பல்புகள் மினுக்கும். சிக்கல் என்னவென்றால், ஜூலை தொடக்கத்தில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும். மதியம் நன்றாகத் தூங்க வையுங்கள். இல்லாவிட்டால் தோளில் தூங்கும் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் மட்டும் பார்ப்பீர்கள். டிசம்பரில் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

பகலில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெட்ரோ ஆறாம் எண் தடத்தில் பாஸியிலிருந்து பீர்-ஹக்கெய்ம் போகும் ரயில் பாலத்தின் மேல் நதியைக் கடக்கும். இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், டவர் சட்டென்று வரும்.

கேள்வி: இரும்புக் கோபுரம் துருப் பிடிக்காதா என்று என் பேரன் கேட்கிறான்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிடிக்கும். அதனால்தான் ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரு தடவைக்கு சுமார் 60 டன். வெயிலில் இரும்பு விரிந்து டவர் சில சென்டிமீட்டர் உயரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: சாப்பாடு கொண்டு போகலாமா?
– வாசகி, சேலம்

பதில்: கொண்டு போங்கள், கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம், சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள். இறங்கி வந்து ஷான் த மார்ஸ் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வசதி. அங்கே யாராவது அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் நிற்காமல் நடங்கள். ஒருவர் பேச்சுக் கொடுப்பார், இன்னொருவர் கைப்பையைத் திறப்பார்.