கீழே கூட்டினால் போதுமா? பேட்டர்ன் கேள்வி - பதில்

கேள்வி: பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். 70 செ.மீ. உயரம் இருக்க வேண்டிய டி-சர்ட், துவைத்ததும் 66 ஆகிவிட்டது. பேட்டர்னில் (துணி வெட்டும் அச்சில்) கீழே 4 செ.மீ. கூட்டினேன். உயரம் சரியாக வந்தது. ஆனால் கக்கத்தில் பிடிக்கிறது. ஏன்?
– வாசகர், பெருமாநல்லூர்

பதில்: தோளிலிருந்து கீழ்மடிப்பு வரை துணி எல்லா இடத்திலும்தான் சுருங்குகிறது. நீங்கள் கூட்டியது கீழே மட்டும். 23 செ.மீ. வைத்த ஆம்ஹோல் (கைக்குழி) துவைத்தபின் 21.6 ஆகியிருக்கும், பிடிக்காமல் என்ன செய்யும்?

முதலில் துணியைச் சோதியுங்கள். 60 செ.மீ. சதுரத் துண்டில், ஓரத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, 50-க்கு 50 கட்டம் போடுங்கள். வாஷ்கேர் லேபிளில் உள்ளபடியே துவைத்து, உலர்த்தி அளந்து பாருங்கள். லேபிளில் டம்பிள் டிரை (இயந்திரத்தில் உலர்த்துவது) என்றிருக்கும்போது கொடியில் காயவைத்து எடுத்த அளவு உதவாது. நீளம் 47, அகலம் 48.5 என்று வந்தால் சுருக்கம் நீளத்தில் 6, அகலத்தில் 3 சதவீதம்.

இனி, வேண்டிய அளவை, சுருங்கியபின் மிஞ்சும் பங்கால் (நீளத்துக்கு 0.94, அகலத்துக்கு 0.97) வகுக்க வேண்டும். உயரம் 70 ÷ 0.94 = 74.5, ஆம்ஹோல் 23 ÷ 0.94 = 24.5, செஸ்ட் அகலம் 52 ÷ 0.97 = 53.6. பலர் 6 சதவீதத்தைக் கூட்டி 74.2 என்று போடுவார்கள். அதில் கால் செ.மீ.தான் குறையும். சுருக்கம் 10 சதவீதமானால் 7 மி.மீ. குறைந்து, பீஸ் ரிஜெக்ட் ஆகக்கூடும். ஓவர்லாக், மடிப்புக்கான கூடுதலை இந்தக் கணக்கு முடிந்தபிறகே சேருங்கள்.

கேட் (CAD) எனும் பேட்டர்ன் வரையும் மென்பொருளில் சதவீதம் கொடுக்கும் முன் கிரெயின் கோட்டை (துணியின் நீளவாக்கைக் காட்டும் கோடு) பாருங்கள். சட்டைக் கையைக் குறுக்கே போட்டு வரைந்திருந்தால் நீளத்துக்கான 6 சதவீதம் அகலத்துக்குப் போய்விடும்.

சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனை வேண்டும். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே நெருக்கிச் சுருக்கத்தைக் குறைக்கும் வேலை) சரியாக ஆகாத ஒரு லாட் போதும், நல்ல பேட்டர்னுக்கும் கெட்ட பெயர் வரும். லைக்ரா துணியை ரோலிலிருந்து பிரித்து 24 மணி நேரம் தளரவிட்டே வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டி-சர்ட்டின் கழுத்து ரிப் (கழுத்தில் தைக்கும் இழுபடும் பட்டை) அலை அலையாக நிற்கிறது. எவ்வளவு நீளம் வைக்கலாம்?
– வாசகி, பல்லடம்

பதில்: ரிப் நீளமாக இருக்கிறது. கழுத்துச் சுற்றில் 85 சதவீதத்தில் தொடங்குங்கள். 48-க்கு 41 செ.மீ., இணைப்புத் தையல் தனி. லைக்ரா ரிப் என்றால் 80 வரை குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். ரிப்பையும் கழுத்தையும் நான்காகக் குறித்து, குறியோடு குறி சேர்த்துத் தைக்க வேண்டும். ரிப்பை மட்டும் இழுக்கலாம், உடல் துணியை இழுக்கக் கூடாது. குழந்தைகள் உடுப்பில், தைத்த கழுத்தை விரித்துத் தலைச்சுற்றுக்குப் போதுமா என்று பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.