டி செல்களும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ், நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களைக் கொன்றுவிடுகிறதா?

பதில்: கொல்வதில்லை. அந்நியப் புரதத்தை இனங்கண்டதும் டி செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து, கால்சினியூரின் என்னும் நொதி செயல்படத் தொடங்குகிறது. அந்நொதி என்ஃபாட் புரதத்திலுள்ள பாஸ்பேட்டுகளை நீக்கினால்தான் என்ஃபாட் உட்கருவுக்குள் நுழைந்து, டி செல்களைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்னும் புரதத்தின் மரபணுவை இயக்கும். டாக்ரோலிமஸ், எஃப்கேபிபி-12 என்னும் புரதத்தோடு சேர்ந்து கால்சினியூரினை முடக்குகிறது. செல் உயிரோடுதான் இருக்கிறது. இரத்தத்தில் மருந்து குறைந்தால் அது மீண்டும் விழித்துக்கொள்ளும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடாதீர்கள்.

கேள்வி: சிரோலிமஸ் என்னும் இன்னொரு மருந்தும் அதே எஃப்கேபிபி-12 புரதத்தோடுதான் சேர்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: சேரும் புரதம் ஒன்று, முடக்கும் இலக்கு வேறு. சிரோலிமஸ் எம்டார் என்னும் நொதியைத் தடுப்பதால், இன்டர்லூகின்-2 சுரந்தாலும் அதன் தூண்டுதலுக்கு இணங்கிச் செல் பெருகுவதில்லை.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. இரண்டிலும் டி செல் பெருகாமல் போகிறது. வழி எதுவானால் என்ன?

பதில்: வழி மாறினால் விளைவும் மாறுகிறது. எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இன்டர்லூகின்-2 இல்லாமல் நிலைப்பதில்லை. டாக்ரோலிமஸ் அதன் சுரப்பையே குறைத்துவிடுகிறது, சிரோலிமஸோ அச்செல்களை ஓரளவு விட்டுவைக்கிறது. இன்னும் வியப்பானது, 2009இல் வெளிவந்த எலி ஆய்வு: வைரஸ் தொற்றின்போது குறைந்த அளவில் கொடுக்கப்பட்ட சிரோலிமஸ், முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்து, தொற்றிய செல்களை அழிக்கும் நினைவு சிடி8 டி செல்களைக் குறைப்பதற்குப் பதிலாக, அவற்றின் எண்ணிக்கையையும் தரத்தையும் உயர்த்தியது. எம்டார், பெருக்கத்தோடு செல்லின் வருங்காலத்தையும் தீர்மானிக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

கேள்வி: அப்படியென்றால் எல்லோரும் சிரோலிமஸுக்கு மாறிவிடலாமே!

பதில்: அந்த முடிவுக்கு நான் வரவில்லை. சிரோலிமஸ் அறுவைக் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். உறுப்பு மாற்றியவுடன் அதைத் தொடங்கத் தயங்குவது அதனால்தான்.

கேள்வி: பெலடாசெப்ட் என்னும் மருந்து எப்படி?

பதில்: டி செல் முழுமையாகச் செயல்படுவதற்கு, அதன் சிடி28 என்னும் ஏற்பி வழி வரும் துணைச் சமிக்ஞையை அந்த மருந்து தடுக்கிறது. நினைவு செல்கள் அச்சமிக்ஞையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை என்பதால், சிலருக்கு உறுப்பு நிராகரிப்பு அதையும் மீறி நிகழ்கிறது.

கேள்வி: சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சீராக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: என் டாக்ரோலிமஸ் அளவு போதுமா?

பதில்: காலை மாத்திரைக்கு முன் எடுத்த இரத்த அளவைப் பார்த்து, உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: தடுப்பூசி போடலாமா?

பதில்: உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். மற்றவற்றைப் போடலாம், ஆனால் எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களுக்கு டி செல்கள் தரும் உதவி குறைந்திருப்பதால் எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகும். எனவே இயன்றவரை உறுப்பு மாற்றத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.