சன்ஷேடு விழுந்ததற்கு உப்புக்காற்றுதான் காரணமா?

கேள்வி: குளச்சலில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. கட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் ஒரு சன்ஷேடு சுவரை ஒட்டிய இடத்தில் முறிந்து விழுந்துவிட்டது. கட்டிக்கொடுத்தவர், "உப்புக்காற்றுக்கு நான் என்ன செய்ய?" என்கிறார். உண்மைக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, குளச்சல்

பதில்: மற்ற சன்ஷேடுகளுக்கு இன்றே முட்டுக் கொடுங்கள். விழுந்ததை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. கிடந்த கிடப்பில், பக்கத்தில் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளையும் விடாதீர்கள்.

அடுத்து, முறிந்த முகத்தில் மெயின் கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். சன்ஷேடில் இழுவிசை மேல்பக்கம். கம்பியும் மேல்பாதியில்தான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே இறக்கிவிடுவது சகஜம். 100 மி.மீ. கனத்தில், மேலிருந்து 80 மி.மீ. கீழே கம்பி கிடந்தால் அது வேலைக் குறைபாடு. கம்பி அறாமல் உருவிக்கொண்டு வந்திருந்தால் உள்ளே பிடிமான நீளம் போதவில்லை. எம்20 தரக் கான்கிரீட்டில் எஃப்இ415 ரக (முறுக்கு வரி போட்ட) 8 மி.மீ. கம்பிக்கு, சுமார் 375 மி.மீ. வேண்டும்.

துருப்பிடித்து மெலிந்து அறுந்திருந்தால்தான் உப்பின் பேச்சே வரும். அப்போதும் உப்பு எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். விழாத பகுதியில் டிரில் போட்டு, 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பொட்டலமாகத் தூள் எடுத்து, ஆய்வகத்தில் குளோரைடு (உப்பில் இருக்கும், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் பொருள்) பார்க்கச் சொல்லுங்கள். வெளியே அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் காற்றில் வந்தது. எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் மணலோடோ தண்ணீரோடோ கலவையிலேயே வந்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அதன்படி குளோரைடு வரம்பு கனமீட்டருக்கு 0.6 கிலோ.

காற்று உப்பே என்றாலும் ஒப்பந்தக்காரர் தப்பிவிட முடியாது. கடலோர வெளிப்புறக் கான்கிரீட்டுக்கு அதே தரநிலை 45 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. 75 மி.மீ. சன்ஷேடில் அவ்வளவு கவர் விட்டால் கம்பி பாதிக்குக் கீழே போய்விடும். அதனால் நம் கடற்கரை ஊர்களில் சன்ஷேடைக் கனமாக வடிவமைப்பதே முறை. 20 மி.மீ. கவர்தான் இருக்கிறதென்றால், கடல் பக்கத்தில் இருப்பது தெரிந்தும் அப்படி வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் நாளை ஒப்பந்தக்காரருக்கு முன்னதாகவே எழுத்தில் தெரிவித்து, பொட்டலங்களில் அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தர வேண்டும். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் கெடு இரண்டு ஆண்டு.