காபியில் ஏன் திரிகிறது, ஓட்ஸ் பால் ஏன் இனிக்கிறது: பால் கேள்வி பதில்

பால் பதனிடும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, அப்புறம் சோயா, ஓட்ஸ் பானங்கள் தயாரிக்கும் பக்கம் போனவள் நான். அதனால் இரண்டு கட்சிக்காரர்களிடமும் திட்டு வாங்குவேன். பசும்பாலா தாவரப் பாலா என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். காபி பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் அதிலிருந்தே ஆரம்பம்.

கேள்வி: அக்கா, சோயா பாலைக் காபியில் ஊற்றியதும் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதக்கிறது. டீயில் ஊற்றினால் ஒன்றும் ஆவதில்லை. பால் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. காபி ஓரளவு அமிலம், அதன் பிஎச் சுமார் 5 (பிஎச் என்பது அமிலத்தைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்). டீயில் அமிலம் பொதுவாகக் குறைவு. சோயா புரதம் சூட்டையும் அமிலத்தையும் ஒரே நேரத்தில் சந்தித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பாலில் கால்சியம் வேறு சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம். பசும்பாலின் கேசின் புரதம் பிஎச் 4.6 வரை இறங்கினால்தான் முழுதாகத் திரியும், அதனால்தான் அது காபியில் தப்பித்துவிடுகிறது. பழைய பாலாக இருந்தால் அதுவும் திரியும், ஏனென்றால் அது ஏற்கெனவே பாதி வழி புளித்திருக்கும்.

முதலில் பாலைத் தனியாக வெதுவெதுப்பாகச் சூடாக்குங்கள், கொதிக்க விட வேண்டாம். கோப்பையில் பாலை ஊற்றிவிட்டு, சற்றே ஆறிய காபியை அதன்மேல் மெதுவாக விடுங்கள். கருக வறுத்த கொட்டையில் அமிலம் குறைவு, இளம் வறுவல் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி அதிகம். 'பாரிஸ்டா' என்று போட்டு விற்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் டைபொட்டாசியம் பாஸ்பேட் போன்ற ஓர் உப்பு இருக்கும், அமிலத்தைத் தாங்கிக்கொள்வது அதன் வேலை. நுரை நன்றாக வரக் கொஞ்சம் எண்ணெயும் கூடுதலாக இருக்கும். சிறுநீரகக் கோளாறுக்காகப் பாஸ்பேட்டைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் இந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திரிந்ததைக் குடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புளித்த வாடை இல்லையென்றால் குடிக்கலாம், பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

கேள்வி: ஓட்ஸ் பால் பாக்கெட்டில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று போட்டிருக்கிறது, ஆனால் நன்றாகவே இனிக்கிறது. ஏமாற்றா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு.

ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் உங்களைப் போன்றவர்களுக்குப் போதுமான தகவலும் அது இல்லை. ஓட்ஸை வெறும் தண்ணீரில் அரைத்துச் சூடாக்கினால் கஞ்சிதான் கிடைக்கும். அதைப் பால் போல ஓட வைக்க, மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைச் சேர்க்கிறார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்டே 1990களில் உருவாக்கிய முறை இதுதான். நொதி மாவுச்சத்தை வெட்டும்போது மால்ட்டோஸ் என்ற சர்க்கரை உண்டாகிறது. யாரும் வெளியிலிருந்து கொட்டவில்லை, உள்ளேயே உருவாகிவிட்டது.

பசும்பாலிலும் 100 மில்லியில் 4.7 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது லாக்டோஸ், நாக்கில் அவ்வளவாக இனிக்காது, ரத்தத்திலும் மெதுவாகத்தான் ஏறும். மால்ட்டோஸ் வேகமாக ஏறும். அரிசிப் பாலும் இதே ரகம், இன்னும் மோசம் என்றே சொல்லலாம். ஆகவே சர்க்கரை என்ற வரியோடு நிற்காமல், மொத்த கார்போஹைட்ரேட் என்ற வரியையும் பாருங்கள். இனிப்பில்லாத சோயா பால் உங்களுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் ஒரு நாள் ஓட்ஸ் பால், இன்னொரு நாள் சோயா பால் குடித்துவிட்டுப் பாருங்கள், நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சில சமயம் வயிற்றுப்போக்கு. 'உனக்குப் பால் அலர்ஜி' என்கிறாள் என் தோழி. லாக்டோஸ் இல்லாத பால் வாங்கினால் சரியாகுமா மேடம்?

தோழி இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார். பலரும் குழப்பிக்கொள்வதுதான், ஆனால் இந்தக் குழப்பம் சில பேருக்கு ஆபத்து.

லாக்டோஸ் செரிக்காமல் போவது குடல் பிரச்சினை. சின்ன வயதில் எல்லோருக்கும் லாக்டேஸ் என்ற நொதி தாராளமாகச் சுரக்கும், வளர வளரப் பெரும்பாலோருக்குக் குறையும். உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இது ஏதோ ஒரு அளவில் உண்டு, எனவே நீங்கள் விதிவிலக்கு இல்லை. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களிடம் மாட்டும், அவை வாயுவை உண்டாக்கும், வயிறு உப்பும். பால் அலர்ஜி என்பது பால் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைப்பது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரை போகலாம்.

லாக்டோஸ் இல்லாத பால் என்பதும் பசும்பால்தான். லாக்டேஸை அவர்களே பாலில் கலந்து, லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள் (அதனால்தான் அது கொஞ்சம் இனிக்கும்). புரதம் அப்படியே இருக்கிறது. உங்கள் வயிற்றுக்கு அது சரி. அலர்ஜி உள்ளவர் அதைத் தொடக்கூடாது, ஆட்டுப்பாலுக்கு மாறுவதும் உதவாது, அதன் புரதமும் கிட்டத்தட்ட அதே சாயல்தான்.

இன்னொன்று. லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு கப் பால் வரை, பெரிய தொல்லை இல்லாமல் தாங்குவார்கள், சாப்பாட்டோடு என்றால் இன்னும் சுலபம். தயிரில் பாக்டீரியாக்கள் கொஞ்சம் லாக்டோஸைத் தின்றுவிடும், நன்றாக முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்காது. பாலைப் பிடிக்கும் என்றால் முழுக்கத் துறக்க வேண்டியதில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு நீடித்தாலோ எடை குறைந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், எல்லாப் பழியையும் பால்மேல் போடக்கூடாது.

கேள்வி: எனக்குப் பசும்பால் வாடையே பிடிக்காது, அவ்வளவுதான். சுற்றுச்சூழல், கொள்கை எதுவும் கிடையாது. ஆனால் ஓட்ஸ் பால் கேட்டாலே எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். பிடிக்கவில்லை என்பது போதாதா?

போதும். இவ்வளவு கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எனக்குத் தெரிந்தவரை முக்கால்வாசிப் பேர் நாக்கால் முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஆரோக்கியத்தையோ பூமியையோ துணைக்கு அழைக்கிறார்கள். பசும்பால் கட்சியும் அப்படித்தான், தாவரப் பால் கட்சியும் அப்படித்தான். நாக்கு சொன்னதை நாக்கு சொன்னது என்றே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பாலைச் சூடாக்கும்போது அதன் மோர்ப்புரதத்திலிருந்து கந்தகச் சேர்மங்கள் வெளிவரும், 'காய்ச்சிய வாடை' என்று நாங்கள் சொல்வது அதைத்தான். 72 டிகிரியில் 15 நொடி பதப்படுத்திய பாலில் அது லேசு. 135 டிகிரிக்கு மேல் சில நொடி சூடாக்கி, மாதக்கணக்கில் வெளியில் வைக்கக்கூடிய பெட்டிகளில் அடைத்த பாலில் அது தூக்கலாக இருக்கும். மாடு என்ன தின்றது என்பதும் பாலின் மணத்தில் தெரியும். அதேபோல் சோயா பால் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் 'பச்சை வாடை'யும் நிஜம். ஊறிய சோயாவைக் குளிர்ந்த நீரில் அரைத்த உடனே லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி அதன் கொழுப்பைத் தாக்கி அந்த மணத்தை உண்டாக்கிவிடும். கொதிக்கும் நீரிலேயே அரைத்தால் நொதி செயலிழந்துபோகும் என்பதை 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள். சோயாவை ஒருமுறை குடித்து வெறுத்தவர்கள் வேறு நிறுவனத்தின் பாலை ஒரு தடவை பாருங்கள், வித்தியாசம் பெரியது.

கேள்வி: பாதாம் பால் குடித்தால் பாதாம் சாப்பிட்ட சத்து கிடைக்குமா?

கிடைக்காது. கடையில் விற்கும் பலவற்றில் பாதாம் 2, 3 சதவீதம்தான், மீதி தண்ணீர். ஒரு கப்பில் புரதம் ஒரு கிராம் இருந்தாலே பெரிது, பசும்பாலில் 8 கிராம். கலோரி குறைவு, லேசாக இருக்கும், பிடித்தால் குடியுங்கள். சத்துக்காக என்றால் பாதாமையே மென்று தின்னுங்கள். தாவரப் பால்களில் புரதத்துக்குப் பசும்பால் பக்கத்தில் நிற்பவை சோயாவும் பட்டாணியும்தான்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் பசும்பாலை விட்டுவிட்டோம். குழந்தைக்குப் பத்து மாதம். ஓட்ஸ் பால் கொடுக்க ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஒரு வயது வரை தாய்ப்பாலோ குழந்தைகளுக்கான பால்மாவோதான் முக்கிய உணவுப் பானம். தாவரப் பால் மட்டுமில்லை, பசும்பாலும் அந்த இடத்தைப் பிடிக்கக்கூடாது. ஒரு வயதுக்குப் பிறகும் குழந்தை மருத்துவரோ உணவியல் நிபுணரோ பார்த்துச் சொன்ன பிறகு மாற்றுங்கள், ஏனென்றால் அந்த வயதில் பாலிலிருந்து வரும் கொழுப்பும் புரதமும் சாதாரணக் கணக்கு இல்லை. அரிசிப் பாலை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, அரிசியில் உள்ள ஆர்சனிக் காரணம். அமெரிக்க உணவு வழிகாட்டியின் 2020-2025 பதிப்பு பாலுக்கு ஈடாக ஏற்றது சத்துகள் சேர்த்த சோயா பாலை மட்டும்தான். இதில் நாக்குக்கும் கொள்கைக்கும் இடமில்லை.

கேள்வி: பூமிக்கு எது நல்லது? பாதாம் பால் தண்ணீரைக் குடிக்கிறது, சோயா காட்டை அழிக்கிறது, அப்படியானால் பசும்பாலே மேல் என்று ஒருவர் வாதிட்டார்.

வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. 2018இல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் உலக அளவில் தொகுத்த கணக்கின்படி, ஒரு லிட்டர் பசும்பாலுக்குச் சராசரியாக 3.2 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வு. சோயாவுக்கு 1 கிலோ, ஓட்ஸுக்கு 0.9, பாதாமுக்கு 0.7. தண்ணீர் என்று பார்த்தால் பசும்பால் 628 லிட்டர், பாதாம் 371, அரிசி 270, ஓட்ஸ் 48, சோயா 28.

ஆக, பாதாம் தண்ணீர் நிறையக் கேட்கிறது என்பது சரி. உலகப் பாதாமில் 80 சதவீதம் அடிக்கடி வறட்சி வரும் கலிபோர்னியாவில் விளைவதால் அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் பசும்பாலைவிட அதிகம் இல்லையே. சோயாவுக்காகக் காடு அழிவதும் நடக்கிறது, அந்தச் சோயாவின் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகப் போகிறது. இவையெல்லாம் சராசரிகள், பண்ணைக்குப் பண்ணை மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். புரதத்தின் அளவை வைத்து ஒப்பிட்டால் பாதாம், அரிசியின் நிலை மோசமாகும், சோயா அப்போதும் தாக்குப்பிடிக்கும். பூமிதான் காரணம் என்று சொல்பவருக்கு என் சிபாரிசு சோயா. ஆனால் அவர்கள் ருசிக்காக ஓட்ஸைத்தான் எடுப்பார்கள், மேலே சொன்னேனே.

கேள்வி: சோயா குடித்தால் ஆண்களுக்குப் பெண்தன்மை வரும் என்கிறார்களே அண்ணி?

சோயாவில் உள்ள ஐசோபிளேவோன்கள் என்ற பொருட்கள் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போன்ற அமைப்பு கொண்டவை, ஆனால் அதே வீரியம் இல்லை. ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். சோயா அந்த மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், கால்சியமும் தடுக்கும், எனவே எந்தப் பாலாக இருந்தாலும் மாத்திரையோடு வேண்டாம். எவ்வளவு இடைவெளி என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஏ2 பால் வயிற்றுக்கு நல்லதா? ஜலதோஷத்தின்போது பால் குடித்தால் சளி கட்டுமா?

ஏ1, ஏ2 இரண்டும் பசும்பால் வகைகள்தான், இரண்டுக்கும் வித்தியாசம் பீட்டா கேசின் என்ற புரதச் சங்கிலியில் 67ஆவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம். ஏ1 பால் நோய் தருகிறது என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து, காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. லாக்டோஸ் இரண்டிலும் ஒரே அளவு. கூடுதல் காசு கொடுக்க ஆசைப்பட்டால் உங்கள் விருப்பம்.

சளி விஷயத்தில், பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கெட்டியாக நிற்பது போலத் தோன்றும், சளி கூடுதலாகச் சுரப்பதில்லை. தோன்றுவதே தொல்லையாக இருந்தால் அந்த நாட்களில் குடிக்காமல் இருங்கள்.

கேள்வி: வீட்டில் ஓட்ஸ் பால் செய்தால் கொழகொழவென்று ஆகிறது. சோயா பாலில் தயிர் போட்டேன், நன்றாகவே உறைந்தது, பாதாம் பாலில் உறையவே இல்லை. ஏன்?

கொழகொழப்புக்குக் காரணம் சூடும் அதிகமாக அரைப்பதும். ஐஸ் போட்ட தண்ணீர், ஊறவைக்காத ஓட்ஸ், மிக்ஸியில் அரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று, பிழியாமல் வடிகட்டுதல். அடுப்பில் வைத்தால் மறுபடி கஞ்சிதான், நொதி சேர்க்காத வரை அதை மாற்ற முடியாது. சோயா என்றால் நேர் எதிர், நன்றாகக் கொதிக்க வேண்டும், பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது.

தயிர் உறைய புரதம் வலைபோலப் பின்ன வேண்டும். சோயாவில் அதற்கான புரதம் இருக்கிறது, பாதாம் பாலில் இல்லை, வெறும் புளித்த தண்ணீர்தான் மிஞ்சும். கடையில் கிடைக்கும் பாதாம் தயிரில் மாவோ பெக்டினோ சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், வீட்டில் செய்த எந்தத் தாவரப் பாலிலும் சேர்க்கப்பட்ட கால்சியமும் பி12ம் இருக்காது. பால் பொருட்களை அடியோடு விட்டவர்கள் பி12க்கும் அயோடினுக்கும் தனியாக வழி பார்க்க வேண்டும்.

கேள்வி: பெட்டியைத் திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம்? அடியில் வெள்ளையாகப் படிவது என்ன?

அது பெரும்பாலும் கால்சியம். காசு கொடுத்து வாங்கியதே அதற்காகத்தான், ஆகவே ஒவ்வொரு முறையும் ஊற்றுமுன் நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு அதுவும் குப்பைக்குப் போகும். திறக்காதவரைதான் வெளியில் வைக்கலாம். திறந்த பிறகு பசும்பாலோ தாவரப் பாலோ குளிர்பெட்டிக்குள்தான், பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்குக்குள் முடித்துவிட வேண்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்குள்ளாக இருக்கும். அட்டைப்பெட்டி உப்பியிருந்தால் முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், நேராகக் குப்பையில் போடுங்கள்.