சிஸ்டருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் எட்டு கீமோ முடிந்து, ஆபரேஷனும் ஆகி, இப்போது வீட்டில் தேறி வருகிறாள். விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. ஜாக்கெட் ஊக்கு மாட்டக்கூட மகள் வேண்டியிருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை இருட்டோடு கிளம்பிப் போன அந்த மாதங்களில் எங்களைத் தாங்கியது கீமோ வார்டில் இருந்த ஒரு சிஸ்டர். ஊரில் யாரிடமும் வியாதியின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. அவரிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேசினேன். "ஐயா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டவரும் அவர் ஒருவர்தான். கடைசி நாளில் பட்டுச்சேலையும் கவரில் கொஞ்சம் பணமும் கொடுத்தோம். கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனைவிக்கு அது மனக்குறையாகவே இருக்கிறது. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது?

– ஒரு வாசகர், பள்ளத்தூர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆச்சி தேறி வருகிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. விரல் மரத்துப்போவது சில கீமோ மருந்துகளால் வருவதுதான். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். அடுத்த முறை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவரை அடுப்படியில் சூடான பாத்திரத்தை அவர்கள் தொட வேண்டாம், சூடு உறைக்காது.

உங்கள் கடிதம் நீளமானது, இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். வெட்டிய பகுதியில் இருந்த சில வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் நான்கு முறை ஏறிய சிவப்பு மருந்தைப் பற்றிய வரிகள் அவை. சிஸ்டர் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக ஏற்றினார், நடுநடுவே நிறுத்தி "எரியுதாம்மா?" என்று கேட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மருந்தின் பெயர் டாக்சோரூபிசின். ரத்தக்குழாயை விட்டுக் கொஞ்சம் வெளியே கசிந்தாலும் சுற்றியிருக்கும் சதையைப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் அந்த நிதானம், அந்தக் கேள்வி. ஆறுதலாகப் பேசியது உங்களுக்குக் கேட்டது. அந்தப் பேச்சோடு பேச்சாக அவர் ஆச்சியின் கையைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

ஃபைல் அட்டையில் பெரிய எழுத்தில் "காய்ச்சல் 100.4 தாண்டினால் உடனே வரவும்" என்று எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் சாதாரண விஷயம் இல்லை. மாத்திரை போட்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நள்ளிரவில் 101 காட்டியபோது நீங்கள் யோசிக்காமல் கார் பிடித்தது அந்த அட்டையால்தான்.

அப்புறம் அந்த ஸ்பூன். எதைத் தின்றாலும் வாயில் இரும்பு வாடை என்று ஆச்சி சோற்றை ஒதுக்கியபோது, "எவர்சில்வர் வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்பூன்ல குடுத்துப் பாருங்க" என்றாராமே. அறை நிறையச் சீர்ப் பாத்திரம் அடுக்கியிருக்கும் வீட்டிலிருந்து நீங்கள் கடைத்தெருவுக்குப் போய்ப் பத்து ரூபாய்க்கு ஸ்பூன் வாங்கி வந்திருக்கிறீர்கள். அன்று நாலு வாய் கஞ்சி இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஊரில் சொல்லவில்லை என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். நம் பக்கம் இன்னும் 'கட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தோடு பாடுபட்டு 1954-ல் அடையாறில் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். எழுபது வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் பெயரைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. சொல்லாமல் வைத்ததையெல்லாம் நீங்கள் அந்த ஒரு பெண்ணிடம் இறக்கி வைத்தீர்கள். வார்டில் இத்தனை பேரைக் கவனிப்பதற்கு நடுவில் அவர் அதையும் வாங்கிக்கொண்டார்.

சரி, கடனுக்கு வருகிறேன். சேலையையும் பணத்தையும் மறுத்தது உங்களை மதிக்காமல் அல்ல. நோயாளி வீட்டில் வாங்கக் கூடாது என்பது அந்த வேலையின் ஒழுக்கம். இனி வற்புறுத்தாதீர்கள். மனது கேட்கவில்லை என்றால் ஒரு டின் தேன்குழலும் சீப்புச்சீடையும் வார்டுக்கே கொடுங்கள், மூன்று ஷிப்டுக்கும், துப்புரவு செய்யும் அம்மாக்களுக்கும் சேர்த்து.

அவருக்கென்று கொடுக்க வேண்டியது ஒரு கடிதம். செய்யாமல் விட்டவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தொண்டையில் புற்றுநோய். மூக்கு வழியாகத்தான் ஆகாரம். பேச்சு போய்விட்டதால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள். ஒரு நாள் விடியற்காலை "காப்பி" என்று எழுதினார்கள். நைட் டியூட்டி சிஸ்டர் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு, துணியைக் காப்பியில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, அப்பச்சியின் உதட்டையும் நாக்கையும் ஒற்றி எடுத்தார். அப்பச்சி கண்ணை மூடிக்கொண்டார்கள். சிலேட்டை வாங்கி "இன்னொரு தரம்" என்று எழுதினார்கள். காரியமெல்லாம் முடிந்து, நாளை நாளை என்று தள்ளி, மூன்று வருடம் கழித்துப் போனேன். அந்தச் சிஸ்டர் வேலையை விட்டுப் போயிருந்தார். எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நம் ஊர்க்காரர்கள் எதையும் எழுதி வைப்பவர்கள். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற பத்திரம், மொய்க்குக் கணக்கு, கடைக்கு ஐந்தொகை. நர்ஸ்கள் விஷயத்தில் மட்டும் புகாரைத்தான் எழுதுகிறோம், நன்றியை வாசலில் நின்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் பெயருக்கு எழுதுங்கள், ஒரு நகல் சிஸ்டர் கையில் கொடுங்கள். 'தெய்வம் மாதிரி' என்றெல்லாம் வேண்டாம். சிவப்பு மருந்து, 100.4, ஸ்பூன், "நீங்க சாப்பிட்டீங்களா" எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். ஃபைலில் தேதி இருக்கும்.

ஆச்சி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கீழே கையெழுத்து மட்டும் அவர்களே போடட்டும். விரல் மரத்திருப்பதால் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. அந்தச் சிஸ்டருக்கு அது ஏன் என்று தெரியும்.